அமுக்க வேண்டாம், நீவினால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் இயன்முறை சிகிச்சையும், வீட்டிலேயே படுத்திருக்கும் நோயாளிகளுக்கான செவிலியர் பணியும் செய்துவருகிறவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது.

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், இரண்டு கட்டு மூன்று கட்டு வீட்டில் வயதான ஆச்சியோ ஐயாவோ தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்துக்கு ஒரு பெண் வருவார். "தினமும் எண்ணெய் போட்டு நல்லா அமுக்கி விடும்மா" என்று அவருக்குப் போனில் சொல்லிவைப்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எண்பது வயது உடம்பை நல்லா அமுக்கக் கூடாது. தோல் மெலிந்திருக்கும், எலும்பு எளிதில் முறியும், பலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அந்த உடம்புக்கு வேண்டியது மெல்லிய நீவல்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பதாகப் பிரிப்பார்கள். அவை பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவுசெய்து செய்ய வேண்டியவை. இங்கே நாங்கள் சொல்வது அவற்றில் எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர் ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய, மருந்துக்கும் உடற்பயிற்சிக்கும் துணையாக மட்டும் நிற்கிற கைவேலை. மருந்தை நிறுத்திவிட்டுச் செய்வதல்ல.

மெதுவாகத் தொட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். முன்கை, புறங்கை, முதுகு, கால் போன்ற முடி முளைக்கும் தோலில் மெய்லின் என்ற கொழுப்பு உறை இல்லாத மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூடுள்ள ஒரு கை தடவும்போதுதான் அவை நன்றாகத் தூண்டப்படும். விநாடிக்குச் சுமார் 3 செ.மீ. வேகத்தில் அது உச்சத்துக்குப் போகும். வேகமாகத் தேய்த்தால் அந்த இழைகளின் பதில் குறைந்துவிடும். ஆகவே நேரத்தை மிச்சப்படுத்த விறுவிறு என்று தேய்ப்பதில் பயன் போய்விடுகிறது. ஜேன் பக்கிள் என்ற செவிலியர், வழக்கமான மசாஜைத் தாங்க முடியாத அளவு நலிந்த நோயாளிகளுக்காக உருவாக்கிய 'எம் டெக்னிக்' இந்த வழியில்தான் போகிறது: ஒவ்வொரு நீவலும் மூன்று முறை, வரிசை மாறாமல், பத்துக்கு மூன்று என்ற அளவுள்ள அழுத்தத்தில். அடுத்து எது வரும் என்று நோயாளிக்குத் தெரிந்துவிடுவதால் உடம்பு விறைத்துக்கொள்வதில்லை.

இதன் பலன் எவ்வளவு என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முற்றிய புற்றுநோயாளிகள் 380 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மசாஜ் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு உடம்பின் மேல் கையை அசைக்காமல் வைத்திருந்தார்கள். முப்பது நிமிட அமர்வுகள், இரண்டு வாரத்தில் ஆறு. இரண்டு பிரிவிலும் அமர்வு முடிந்த உடனே வலி குறைந்தது, மனநிலை தேறியது. மசாஜ் பிரிவில் கொஞ்சம் அதிகம். ஆனால் வாரக்கணக்கில் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் இடையில் நிலைத்த வேறுபாடு இல்லை. அதாவது இது அன்றன்றைக்கு ஆறுதல் தரும், நோயைத் திருப்பாது. ராத்திரி தூங்க முடியாமல் புரளும் ஒருவருக்கு அந்த ஆறுதல் சிறிய விஷயம் அல்ல என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இனி செய்முறை. கையிலிருந்து தொடங்குவதே நல்லது. உடை எதையும் விலக்க வேண்டியதில்லை, கூச்சமும் இருக்காது. செய்பவர் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். முதியவரின் தோல் ஒரு வளையல் உரசலில் கிழிந்துவிடும், கிழிந்தால் ஆற நாளாகும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளை உரசிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பிறகு கேட்க வேண்டும்: "ஆச்சி, கையைக் கொஞ்சம் நீவி விடட்டுங்களா?" வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம். பேச முடியாதவர் கையை இழுத்துக்கொண்டாலும், முகத்தைச் சுளித்தாலும் அதுவும் வேண்டாம் என்பதே.

முதியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார, மடியில் ஒரு தலையணை, அதன் மேல் முழங்கை முதல் விரல்வரை முழுவதும் தாங்கியபடி கை இருக்க வேண்டும். செய்பவர் எதிரே, அதே உயரத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு குனிந்து செய்தால் உடம்பின் பாரம் தானாகவே கையில் இறங்கிவிடும். பலரும் தங்களுக்குத் தெரியாமலேயே அமுக்குவதற்கு இதுதான் காரணம்.

எண்ணெய் ஒரு கைக்கு அரை டீஸ்பூன் போதும். அதிகமானால் வழுக்கும், உடையில் வழியும். குறைந்தால் தோலை இழுக்கும். மரச்செக்கு நல்லெண்ணெய் நன்றாக இருக்கும். வேர்க்குரு உள்ளவர்களுக்குத் தேங்காயெண்ணெய். கடுகெண்ணெய் மெலிந்த தோலை எரிக்கும். கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்களும் அப்படித்தான். எண்ணெயை அடுப்பில் காய்ச்ச வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை ஐந்து நிமிடம் வைத்தால் போதிய சூடு வந்துவிடும். தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே அவர் மேல் வைக்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் எண்ணெய் போட்டால் வியர்வையோடு சேர்ந்து தோல் பொரிந்துவிடும். காலையில் குளிப்பதற்கு முன், அல்லது பொழுது சாய்ந்து செய்துவிட்டுத் துடைத்துவிடலாம்.

முதலில் அவருடைய கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்து, பத்து விநாடி எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். பிறகு முழு உள்ளங்கையும் படியும்படி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மேலே நீவி, கையை எடுக்காமல் பக்கவாட்டில் இறங்கி வர வேண்டும். முன்கை 24 செ.மீ. நீளம் என்றால் ஏற எட்டு விநாடி, இறங்க எட்டு விநாடி. மனத்துக்குள் எண்ணிக்கொண்டே செய்தால்தான் இந்த வேகம் பழகும். எண்ணாமல் செய்கிறவர்கள் எல்லாரும் இதைவிட வேகமாகத்தான் போகிறார்கள். மூன்று முறை வெளிப்புறம், மூன்று முறை உட்புறம். அடுத்து புறங்கை: இரண்டு கட்டைவிரல்களும் விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டு நோக்கி நகர வேண்டும், புடைத்த ரத்தக்குழாயின் மேலும், மருத்துவமனையில் ஊசி குத்தியிருந்த இடத்தின் மேலும் போகக் கூடாது. பிறகு ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை பக்கங்களைப் பிடித்து நழுவவிட வேண்டும். இழுக்கக் கூடாது, சொடக்கு எடுக்கக் கூடாது. முடக்குவாதத்தால் வீங்கிய மூட்டைத் தொடாமல் தாண்டிவிடலாம். உள்ளங்கையில் தோல் தடிப்பு என்பதால் கட்டைவிரலால் வட்டமாக, கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தலாம். முடிவில் மறுபடி இரு கைகளுக்குள் வைத்துப் பத்து விநாடி. துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்துத் துடைக்கக் கூடாது. ஒரு கைக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அழுத்தத்தின் அளவைச் சொல்லால் சொல்வது கடினம். சமையலறையில் எண் காட்டும் சின்னத் தராசு இருந்தால் அதன் மேல் உள்ளங்கையை வைத்து 200 கிராமைத் தாண்டாமல் வைத்துப் பழகுங்கள். எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்பது அப்போது புரிந்துவிடும். செய்யும்போது கவனிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. செய்பவரின் நகத்தடி வெளுத்தால் அழுத்தம் அதிகம். நீவும் கைக்கு முன்னால் தோல் சுருங்கி மடிந்து போனால், அழுத்தம் அதிகமாக இருக்கிறது அல்லது எண்ணெய் போதவில்லை. இரண்டில் எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். தோளைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறவர் கையும் இறுகித்தான் இருக்கும். நடுவில் போனை எடுத்துப் பேசிவிட்டு வந்து தொடர்வது, சட்டென்று கையை எடுப்பது இரண்டும் பாதி பலனைக் கெடுத்துவிடும்.

காலுக்கும் இதே வரிசைதான். பாதத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டால் கூச்சம் எடுக்கும். முழு உள்ளங்கையையும் படியவைத்தால் எடுக்காது. சர்க்கரை நோயாளியானால் எண்ணெயைத் தொடுவதற்கு முன் வெளிச்சத்தில் பாதத்தின் அடி, குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். புண்ணோ கொப்புளமோ இருந்தால் அன்றைக்கு மருத்துவரிடம் காட்டுவதுதான் வேலை. விரலிடுக்கில் எண்ணெய் விடக் கூடாது. ஈரம் தங்கிச் சேற்றுப்புண் பிடிக்கும்.

நம் ஊர் வீடுகளுக்கென்று ஒன்று சொல்லியாக வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் கால் நிற்காது. காலை நீவிவிட்ட கையோடு ஆச்சி எழுந்து கூடத்தைக் கடந்து நடந்தால் இடுப்பெலும்பு முறிய அதுவே போதும். கீழே பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பாதத்தை ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துண்டாலும் ஒற்றி எடுத்து, வழுக்காத செருப்பைப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்த பிறகே எழுந்திருக்க வேண்டும். தளர்ந்த உடம்பு சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

மறதி நோய் உள்ளவர்களிடம் இந்த முறைக்குத் தனிப் பயன் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சான்றுகள் குறைவு என்று சொல்லிவிட்டு, இரண்டு இடங்களில் மட்டும் பலன் தெரிகிறது என்றது: கையை நீவுவதால் படபடப்பும் அலைச்சலும் கொஞ்ச நேரத்துக்குத் தணிகின்றன, சாப்பிடச் சொல்லும்போது கூடவே தொட்டுச் சொன்னால் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நடக்கத் தொடங்கும் ஐயாவுக்கு, நடக்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்பே கையை நீவத் தொடங்கிவிட வேண்டும். கொந்தளிப்பு வந்த பிறகு கையைப் பிடித்தால் கட்டிப்போடுவதாகவே அவருக்குத் தோன்றும். இட்லியை ஊட்டும்போது முன்கையில் ஒரு கையை வைத்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு வாய் என்று சொல்லிப் பாருங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள்.

பக்கவாதத்தில் விழுந்த கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தில் அதிகம் கெடுக்கப்படுவது அதுதான். துவண்ட நிலையில் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் வேலை செய்வதில்லை. கையைப் பிடித்துத் தூக்கினாலோ, அக்குளில் கைகொடுத்து எழுப்பினாலோ மூட்டு இறங்கிவிடும், பிறகு தீராத வலி. நீவும்போது கை முழுவதும் தலையணையில் இருக்கட்டும். விரல்கள் மடங்கி இறுகியிருந்தால் நெம்பித் திறக்காதீர்கள்; நெம்ப நெம்ப இறுக்கம் கூடும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். அந்த நேரத்தில் கட்டைவிரலை அதன் அடியில் பிடித்து வெளியே கொண்டுவந்தால் உள்ளங்கை திறக்கும்; கழுவி, உலர்த்தி, நீவலாம். கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதை இறுகிய கைக்குச் செய்ய வேண்டாம்.

படுக்கையில் இருப்பவர்களின் முதுகடியிலும் குதிகாலிலும் சிவந்திருந்தால் அந்த இடத்தில் பவுடரோ ஸ்பிரிட்டோ போட்டுத் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விரலால் ஒரு நொடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தால் அடியில் திசு ஏற்கெனவே சேதமாகியிருக்கிறது. தேய்த்தால் புண் சீக்கிரம் திறக்கும். அந்த இடத்தைத் தொடாமல், அதன் மேல் பாரம் விழாதபடி திருப்பிப் படுக்கவைப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவதுமே மருந்து.

கை வைக்கவே கூடாத நேரங்களும், மிகக் கவனமாக வைக்க வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். உருவிவிட்டால் அது நகர்ந்து நுரையீரலின் ரத்தக்குழாயை அடைக்கலாம். மரணம்வரை போகும் ஆபத்து இது. காய்ச்சலின்போது, அதிலும் டெங்கு சந்தேகம் இருக்கும்போது வேண்டாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்தால் கையை வைத்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல், அபிக்சபான் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நீவல் சரி, அமுக்கினால் உடம்பெங்கும் கன்றிப்போகும். விழுந்த பிறகு இடுப்பு வலிக்கிறது, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அது சுளுக்கு அல்ல, எலும்பு முறிவு; அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். புற்றுநோய்க் கட்டியின் மேலும், கதிர்வீச்சு நடக்கும் தோலின் மேலும் எண்ணெய் வேண்டாம். எலும்புக்குப் பரவியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முதுகைத் தொடாதீர்கள். முடிவெட்டும் இடத்தில் கழுத்தைச் சொடுக்கிவிடுவதை எந்த வயதுக்காரரும் அனுமதிக்கக் கூடாது. கழுத்து எலும்புக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்குகிறவர்களுக்குச் செய்யும் நிணநீர் வடித்தல் தனிப் பயிற்சி. டென்மார்க்கின் எமில் வோடர் 1930களில் வகுத்தது. அதில் வீங்கிய கையைத் தொடுவதற்கு முன்பே கழுத்திலும் வீங்காத பக்கத்து அக்குளிலும் வழி திறக்க வேண்டும். எண்ணெய் கிடையாது, தோலை மட்டும் லேசாக நீட்டிவிட வேண்டும். வீட்டில் விரலிலிருந்து தோள்வரை இறுக்கி உருவுவது அதற்கு நேர் எதிர். வீக்கம் கூடவே செய்யும். அந்தக் கை சிவந்து காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்று, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது நம் ஊர்களிலும் தொடுசிகிச்சை என்று பலகைகள் வந்துகொண்டிருக்கின்றன. மென்மையாகச் செய்கிறவர்கள் இருப்பது நல்லதுதான். ஆனால் சர்க்கரை இறங்கும், இதய அடைப்பு நீங்கும், விலகிய டிஸ்க் உள்ளே போகும், உடம்பின் நச்சு வெளியேறும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்; அதைக் கையால் செய்ய முடியாது. தலையில் கைவைத்துச் செய்யும் கிரேனியோ சேக்ரல் முறையை 1970களில் வளர்த்தெடுத்தவர் ஜான் அப்லெட்ஜர். அதில் ஒரே தலையை இரண்டு சிகிச்சையாளர்கள் தனித்தனியே தொட்டு, அங்கே உணர்வதாகச் சொல்லி எண்ணிய 'துடிப்பு' ஒத்துவருவதில்லை என்று சோதித்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். படுத்து ஓய்வெடுத்த சுகம் கிடைக்கும், அதற்கு மேல் சொன்னால் நம்ப வேண்டாம். யாரிடம் போனாலும் படிப்பு பி.பி.டி.யா (இயன்முறை சிகிச்சைப் பட்டம்), பி.எஸ்.எம்.எஸ்.ஸா (சித்த மருத்துவப் பட்டம்), அல்லது சில நாள் பயிற்சியா என்று கேளுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை என்றால் படுக்க வேண்டாம்.

வீட்டில் வேலை செய்யும் அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமைத்து, துவைத்து, தூக்கிக் குளிப்பாட்டிய பிறகு, இதையும் வேலைப் பட்டியலில் சேர்த்தால் அது அமுக்கலாகத்தான் முடியும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் உட்கார்ந்திருக்கட்டும், வேறு வேலை இல்லாமல் இருக்கட்டும். கை, கால் தவிர மற்ற இடங்களைத் தொட வேண்டாம் என்றும், அறைக்கதவு திறந்திருக்கலாம் என்றும் முதலிலேயே பேசிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

தங்கள் நாளிதழ் வழியாக சுகாதாரத் துறைக்கு ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்பு செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் பராமரிப்பவரின் கையைப் பிடித்து இந்தக் கை நீவலை ஒருமுறை செய்யவைத்துக் காட்டச் சொல்லலாம். மேலே சொன்ன கை வைக்கக் கூடாத நேரங்களை, நோயாளி வீட்டில் வைத்திருக்கும் மருந்து அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அதுவரை, அந்தப் பத்தியை மட்டுமாவது தாங்கள் கட்டம் கட்டி வெளியிட்டால், வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க உதவும்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்கள், வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்கள்,
காரைக்குடி வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.